காதுக்கு மூடி செய்த அத்தை

கண்ணுக்கு இமை வைத்த கடவுள், வாய்க்கு உதடு வைத்த கடவுள், காதுக்கு மட்டும் மூடி வைக்க மறந்துவிட்டார். வேலை முடிகிற நேரமாக இருந்திருக்கும், மணியடித்ததும் அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பியிருப்பார். அந்தக் குறையைச் சரிசெய்ய இந்தப் பூமியில் பிறந்த ஒரே ஆள் என் அத்தை. ஒரு மலையைக் கொண்டுவந்து நிறுத்துங்கள். அதன் குகைக்கு அச்சு எடுத்து அடைப்பான் செய்து, மலைக்குத் தன் எதிரொலியே கேட்காமல் பண்ணிவிடுவாள். இடிச் சத்தம் தாங்காமல் வானமே ஒருநாள் அவள் வாசலில் வரிசையில் நிற்கும். நின்றால் அத்தை சொல்லப்போவது ஒன்றுதான்: “முதல்ல காதைச் சுத்தம் பண்ணிட்டு வா.”

பெருமை போதும். உண்மை சுண்டுவிரல் நுனி அளவுதான்.

அத்தை வேலை பார்ப்பது காது மெஷின் விற்கும் கடையில். முன்பக்கம் கண்ணாடிக் கதவு, ஏ.சி., பல்செட் தெரியச் சிரிக்கும் தாத்தாக்களின் படம். பின்பக்கம் ஜன்னல் இல்லாத ஓர் அறை. அதில் அத்தை. மெஷின் காதில் விழாமல் நிற்க வேண்டுமென்றால் அந்தக் காதுக்கென்றே ஒரு அச்சு வேண்டும். முதலில் நூல் கட்டிய சின்னப் பஞ்சை உள்ளே தள்ளுவாள். பசை மூளைக்குள் போய்விடாமல் இருக்கத்தான் அந்தப் பஞ்சு என்று எனக்குச் சொல்லியிருந்தாள். செவிப்பறையைக் காப்பதற்கு என்று பிறகுதான் தெரிந்தது. எப்படியோ, எனக்கு மூளை இருக்கிறது என்று நம்பிய ஒரே ஆள் அவள்தான். பள்ளிக்கூடத்தில் ஒருவரும் நம்பவில்லை. பத்தாம் வகுப்போடு அவர்களும் நானும் கைகுலுக்கிப் பிரிந்துவிட்டோம்.

பஞ்சு போனபின் வெள்ளைப் பசையையும் ரோஸ் பசையையும் ஒரே நிறமாகும் வரை பிசைந்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் அடைத்து, காது நிறையப் பிழிவாள். இறுகியதும் ஒரு திருகு, ஒரு இழுப்பு. வெளியே வருவது சின்ன இஞ்சித் துண்டு மாதிரி இருக்கும். அதை மெழுகில் முக்கி, பிளாஸ்டர் மாவில் பதித்து, அந்தப் பள்ளத்தில் ரப்பர் ஊற்றி, கத்தியால் சீவி, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்குவாள். ஒரு ஆளின் இஞ்சி இன்னொரு ஆளுக்குச் சேராது. ஒரே ஆளின் இடதும் வலதும்கூட அண்ணன் தம்பி மாதிரிதான். சாயல் இருக்கும், ஒத்துப்போகாது.

அச்சு எடுக்கும்போது கடையில் ஒரே சட்டம். ஆடாமல், அசையாமல், வாயைத் திறக்காமல் உட்கார வேண்டும். காது கேளாத பெரியவர்கள் சமர்த்தாக உட்காருவார்கள். அவர்களுக்குச் செய்தது எல்லாம் சரியாகவே பொருந்தியது.

இப்போது மாமா. அத்தையின் வீட்டுக்காரர். டப்பா மூடி அடிக்கும் தொழிற்சாலையில் பிரஸ் ஓட்டுகிறார். தகடு போகும், மூடியாக விழும். ஒவ்வொரு அடிக்கும் தரை ஒருமுறை எழுந்து உட்காரும். அந்த மாதிரி ஒரு கூடம் முழுக்க மெஷின்கள். மாமா டப்பாவுக்கு மூடி செய்கிறார், அத்தை காதுக்கு மூடி செய்கிறாள், இந்தக் குடும்பத்தில் மூடாதது உன் வாய் மட்டும்தான் என்று என் அப்பா என்னைப் பார்த்துச் சொல்வார். அத்தை அவருடைய தங்கை. அவர்கள் கீழ் வீடு, நாங்கள் மேல் வீடு. நான் இரண்டு வீட்டுக்கும் பொதுவான தலைவலி.

தொழிற்சாலையில் மாமாவுக்கு ‘ரேடியோ’ என்று பெயர். பேச ஆரம்பித்தால் நிறுத்தப் பொத்தான் கிடையாது. பேச்சாவது பரவாயில்லை, பாட்டு இருக்கிறதே, அதுதான் பாவம். சுருதி ஒரு தெருவில் போகும், மாமா அடுத்த தெருவில் போவார். அத்தை அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பாள்.

“போதும் நிறுத்துங்க, பால் திரிஞ்சிடும்!”

“திரிஞ்சா தயிராக்கிடு.”

“இந்தப் பாட்டுக்குத் தயிரும் உறையாது.”

மாமா சிரித்துக்கொண்டே நிறுத்திவிடுவார். அப்படி நிறுத்தி நிறுத்தி, ஒரு கட்டத்தில் வீட்டில் பாட்டே இல்லாமல் போனது. யாரும் கவனிக்கவில்லை. ஒரு சத்தம் வந்தால் திரும்பிப் பார்ப்போம். நின்றுபோனால் யார் பார்க்கிறார்கள்?

தொழிற்சாலையில் எல்லோருக்கும் ஒரே அளவில் மஞ்சள் பஞ்சு பிளக் கொடுப்பார்கள். மாமா காதில் அது நிற்காது. வைப்பார், நழுவும், வைப்பார், நழுவும். “உங்க காது காதா, சறுக்குப் பலகையா?” என்று கேட்ட அத்தை, ஒருநாள் அவரைக் கடையின் பின்னறைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்து, வாயை மூடச் சொல்லி, அச்சு எடுத்தாள். இடதுக்கு நீலம், வலதுக்குச் சிவப்பு. வீட்டில் வைத்து மாட்டிப் பார்த்தார்கள். கதவுக் கைப்பிடி மாதிரி கச்சிதம்.

மாமா ரகசியம் சொல்வதுபோலச் சன்னமாகப் பேசினார். “ஏம்மா, என் குரல் எனக்கே பெருசா கேக்குதே. கிணத்துக்குள்ள நின்னு பேசற மாதிரி.”

“அடைச்சா அப்படித்தான். வெளிச் சத்தம் குறையும், உள்சத்தம் கூடும். அதான் அடைச்சவங்க யாரும் கத்த மாட்டாங்க.”

மாமா ‘ஆ’ என்றார். பிறகு அதையே கொஞ்சம் நீட்டினார். அவர் முகத்தைப் பார்த்தேன். புதுச் சட்டை போட்டுக் கண்ணாடி முன்னால் நிற்கிற சின்னப் பையன் மாதிரி இருந்தது. அத்தை பார்க்கவில்லை. அவள் ஏற்கெனவே உப்புத்தாளை உதறிக்கொண்டிருந்தாள்.

மாமாவின் காதைப் பார்த்து மற்றவர்களுக்கும் ஆசை வந்தது. தொழிற்சாலையே கேட்டு அனுப்பியது. மெஷின்கள் ஓடாத லீவு நாட்களில் அத்தை கேன்டீனில் மேசை போட்டு, பிரஸ் ஓட்டுகிறவர்களுக்கெல்லாம் அச்சு எடுத்தாள். கைராசிக்காரி என்று பெயர். காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தது மட்டும் நான்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மாமா பெஞ்சில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார், வலப்பக்கம் ஒருக்களித்து. அவருடைய இடது காதுக்குப் பக்கத்தில் அலாரம் கடிகாரத்தைத் திருகி வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். துள்ளி எழுந்து என்னைத் துரத்துவார், நான் ஓட வேண்டும், திட்டம் அதுதான். கடிகாரம் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. மேல் வீட்டிலிருந்து அப்பா கத்தினார். தெரு நாய் குரைத்தது. சாவி தீர்ந்து அது தானே நின்றது. மாமா மூச்சு விடுவது சீராகக் கேட்டது.

அத்தை ஈரக் கையோடு வாசலில் நின்றிருந்தாள். என்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் மாமாவின் இடது காதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் சோதித்துவிட்டுச் சொன்னார்: “இடது போயிடுச்சு. வலதுல பாதி இருக்கு. சத்தத்துல நின்னா அதுவும் போகும். நரம்பு செத்தா திரும்ப முளைக்காதும்மா.”

“இவர் பிளக் வெக்கிறார் டாக்டர்.”

“அப்படின்னா பிளக் சரியில்ல.”

யார் செய்த பிளக் என்று அவருக்குத் தெரியாது. அத்தையும் சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போது கைப்பையைத் திறந்து மூடி, திறந்து மூடி, வீடு வரைக்கும் அப்படியே வந்தாள் என்று மாமா சொன்னார்.

அதற்குப்பின் அந்த வலது காதுதான் அத்தையின் உலகம். மறுபடி அச்சு எடுத்தாள். நீளமாகச் செய்தாள், குட்டையாகச் செய்தாள், மெத்தென்று செய்தாள், கெட்டியாகச் செய்தாள். மாமாவை நாற்காலியில் உட்காரவைத்து, பின்னால் நின்று தட்டையும் கரண்டியையும் மோதுவாள். மாமா அசைய மாட்டார். பிளக்கை எடுத்துவிட்டு மோதினால் திரும்புவார். “பாத்தியா? கச்சிதமா இருக்கு!” என்று என்னிடம் காட்டுவாள். வெறும் காதில் அவர் திரும்புகிற வேகம் மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டே வந்தது. வீட்டில் ஒட்டி நிற்பது தொழிற்சாலையில் ஏன் நிற்கவில்லை? ரப்பரைச் சந்தேகப்பட்டாள். மெஷின் எண்ணெயைச் சந்தேகப்பட்டாள். கடைசியில் தன் கையையே சந்தேகப்பட்டாள்.

சூப்பர்வைசர் ஒரு வழி சொன்னார். மாமாவைப் பேக்கிங் பிரிவுக்கு மாற்றிவிடலாம். அட்டைப்பெட்டியில் மூடியை அடுக்குகிற வேலை, சத்தம் இல்லை. மாமா மாட்டேன் என்றுவிட்டார்.

“ஏன் மாட்டேன்ங்கறீங்க?”

“அங்க ரொம்ப அமைதியா இருக்கும்மா. எனக்கு ஒத்துவராது.”

“காது போறவருக்கு அமைதி ஒத்துவராதாம்! கேட்டியாடா வாலு இந்தக் கூத்தை?”

வாலு என்பது நான். எனக்கும் புரியவில்லை. அத்தை அவரோடு பேசுவதையே நிறுத்திப் பார்த்தாள். ஆனால் மாமாவுக்கு அது சரியாகத் தெரிந்ததா என்பது சந்தேகம். பேசாமல் இருக்கிறாள் என்று நினைத்தாரோ, தனக்குக் கேட்கவில்லை என்று நினைத்தாரோ.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அச்சு எடுக்க அத்தை மறுபடி அந்தத் தொழிற்சாலைக்குப் போனாள், இந்த முறை மெஷின்கள் ஓடுகிற வேலை நாளில். கேன்டீனுக்கும் பிரஸ் கூடத்துக்கும் நடுவில் தடிமனான கண்ணாடிச் சுவர். அந்தப் பக்கம் எத்தனை இடி இடித்தாலும் இந்தப் பக்கம் டீ கிளாஸ் நடுங்குவது மட்டும்தான் தெரியும். பசையைப் பிசைந்துகொண்டே அத்தை தலையை நிமிர்த்தினாள். மாமாவின் மெஷின் நேர் எதிரே இருந்தது.

அடுத்து நடந்ததை எனக்குச் சொன்னவர் பல்லுகடி அண்ணன், மாமாவின் பக்கத்து மெஷின்காரர். அப்போது கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தார். “உங்க அத்தை கையில பசை காஞ்சு கல்லாயிடுச்சுப்பா. அப்படியே நின்னுட்டாங்க.”

கண்ணாடிக்கு அந்தப்புறம் மாமா பாடிக்கொண்டிருந்தார். சத்தம் இல்லை, படம் மட்டும். வாய் ஆகாயத்தைப் பார்க்கத் திறந்திருந்தது, கழுத்து நரம்பு புடைத்திருந்தது, இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பிரஸ் இறங்குவதுதான் தாளம். நடுநடுவே விரலால் வலது பிளக்கை உள்ளே அழுத்தினார். அழுத்தியதும் முகம் மலர்ந்தது. மறுபடி வாயைத் திறந்தார்.

“எங்க எல்லாருக்கும் தெரியும்,” என்றார் பல்லுகடி அண்ணன். “வருஷக்கணக்கா பாடறார். என்ன பாட்டுன்னுதான் ஒருத்தனுக்கும் தெரியாது.”

அத்தைக்கு எல்லாம் ஒரே நேரத்தில் புரிந்துவிட்டது. நீங்களும் வேண்டுமானால் செய்து பாருங்கள்: சுண்டுவிரலைக் காதில் விட்டுக்கொண்டு வாயைத் திறந்து மூடுங்கள். உள்ளே சுவர் நகரும். தாடை இறங்கினால் காதின் துளை அகலும். வாயை மூடி எடுத்த அச்சு, வாய் மூடியிருக்கும்வரைதான் பூட்டு. மாமா ஒரு அடி பாடினால் பூட்டு இளகும், சத்தம் உள்ளே புகும். பிளக்கை மாட்டினால் தன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஜம்மென்று கேட்கிறது என்பதால்தான் அவர் பாடவே ஆரம்பித்திருக்கிறார். வீட்டில் பாட முடியாத மனுஷன். பேக்கிங் பிரிவில் பாடினால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். உலகத்திலேயே சத்தமான இடத்தில்தான் அவருக்கு ஒரு நல்ல பாடகர் கிடைத்திருந்தார்.

அன்று சாயங்காலம் அத்தை அடுக்களை மேசையில் பசையை எடுத்து வைத்தாள். மாமாவின் முகத்துக்கு நேரே குனிந்து, உதடு தெரியச் சொன்னாள்:

“பாடுங்க.”

மாமா என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். காது மடல் சிவந்துவிட்டது. “யாரு சொன்னா?”

“பாத்தேன். பாடுங்க.”

“பால் அடுப்புல இருக்கா?” என்றார் மாமா.

அத்தை சிரிக்கவில்லை. சிரிஞ்சை எடுத்து இரண்டு காதையும் நிரப்பினாள். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். பழைய காதல் பாட்டு ஒன்று, கல்யாணமான புதிதில் பாடியதாம். சுருதி பக்கத்துத் தெருவில்கூட இல்லை, ஊரைவிட்டே போயிருந்தது. அத்தை அவர் தாடையின்கீழ் இரண்டு விரலை வைத்து, அது இறங்குவதையும் ஏறுவதையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். பசை இறுகிவிட்டது. எனக்கே தெரிந்தது, அவளுக்குத் தெரியாதா? ஆனாலும் அவள் இழுக்கவில்லை. பாட்டு முடிகிறவரை அப்படியே விட்டுவைத்தாள்.

பழைய அச்சையும் புது அச்சையும் விளக்கின்கீழ் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். வித்தியாசம் ஒரு போஸ்ட் கார்டின் தடிமன் இருக்கும். அவ்வளவுதான். அந்த இடுக்கு வழியாகத்தான் மாமாவின் காது வெளியே வழிந்து போயிருந்தது.

பிறகு அத்தை தொழிற்சாலைக்காரர்கள் எல்லோருக்கும் புதிதாக அச்சு எடுத்தாள். உட்கார்ந்ததும் ஒரே கேள்வி: “மெஷின்ல நிக்கும்போது வாய் என்ன பண்ணும்?” ஒருவர் பல்லைக் கடிப்பார், அவர் பெயரே அதுதான். ஒருவர் ஜபம் மாதிரி முணுமுணுப்பார். ஒருவர் எட்டு மணி நேரமும் ஒரே மிட்டாயை மெல்லுவார். இளவட்டம் ஒருவர் தலையைச் சொறிந்தார்.

“நான்... திட்டுவேங்க.”

“யாரை?”

“சூப்பர்வைசரை.”

“அப்ப திட்டுங்க. பசை இறுகற வரைக்கும் நிறுத்தக்கூடாது.”

வரிசையில் அடுத்து உட்கார்ந்திருந்தது சூப்பர்வைசர். பாவம், அந்த மனுஷனின் பரம்பரையில் திட்டு வாங்காதவர் ஒருவரும் மிச்சமில்லை. இறுகியதும் அவர் எழுந்து, “எல்லாத்தையும் சொல்லிட்டியா, எனக்கு ஏதாவது பாக்கி இருக்கா?” என்று கேட்டார். கேன்டீனே சிரித்தது. அத்தையும் சிரித்தாள் என்றார்கள். நான் நம்பவில்லை.

அந்த பிளக்குகள் எல்லாம் நன்றாகப் பொருந்தின. மாமாவுடையதும் பொருந்தியது. எத்தனை பாடினாலும் நகராத பிளக். ஆனால் திருடன் போனபின் போட்ட பூட்டுக்கு எவ்வளவு வேலை இருக்கும்? டாக்டர் மறுபடி சோதித்தபோது வலதிலும் அடிமண்டிதான் மிச்சம். கதவு அறைந்து சாத்தினால் தெரியும். பிரஸ் இறங்கினால் காதைவிடக் காலுக்குத் தெரியும். மனிதர்கள் பேசுவது தெரியாது.

மாமா ஒருநாள் அத்தையிடம் பிளக்கைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார்: “கிணறு வத்திப்போச்சும்மா.”

இப்போதெல்லாம் அவர் மெஷினில் வாயே திறப்பதில்லை என்கிறார் பல்லுகடி அண்ணன். வாயை மூடியே வைத்திருப்பதால் அந்தப் பெரிய பிளக் காதை அழுத்தி வலிக்கிறது. பாடுகிறவருக்குச் செய்தது அது. அத்தை கத்தியை எடுத்தாள், முன்பக்கம் கொஞ்சம் சீவினால் போதும். எடுத்த கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். இன்னும் சீவவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நான் கீழ் வீட்டுக்குப் போனேன். மேசையில் ஒரு கிண்ணம் நிறைய மாமாவின் பழைய, பொருந்தாமல் போன பிளக்குகள். ஒரு நீலம், ஒரு சிவப்பு எடுத்து என் காதில் செருகிக்கொண்டு, மாமாவின் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து, சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்து நீளமாகப் பேசினேன். மாமாவும் சத்தம் வராமல் பதில் பேசினார். கைகளை வீசி வீசிச் சண்டை போட்டோம். வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, அந்தக் களைப்பிலேயே நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அத்தை டீயோடு வந்தாள். என் காதில் நீலத்தையும் சிவப்பையும் பார்த்தாள். டீயை வைத்துவிட்டு, மாமாவின் நாற்காலிக்கு வலப்பக்கம் தரையில் உட்கார்ந்து, அவர் காதருகே வாயை வைத்தாள்.

பாடினாள். அதே பாட்டு. கடவுள் சாட்சியாகச் சொல்கிறேன், மாமாவைவிட மோசம். இரண்டாவது அடி தெரியாமல் முதல் அடியையே திரும்பத் திரும்பப் பாடினாள்.

மூச்சுக் காற்று பட்டதில் மாமா கண்ணைத் திறந்தார். “என்னம்மா?”

“ஒரே ஒரு தடவை பாடுங்க,” என்றாள் அத்தை. “பால் திரியட்டும். எல்லாப் பாலும் திரியட்டும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

மாமா அவள் முகத்தையே பார்த்தார். ஏதோ நல்லது சொல்கிறாள் என்று மட்டும் புரிந்திருக்க வேண்டும். அன்பாகத் தலையாட்டினார்.

“ஆமாமா,” என்றார். “இன்னைக்கு வெயில் ஜாஸ்திதான்.”

அத்தையும் தலையாட்டினாள். அவர் முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு எழுந்தாள். நான் சுவரில் இருந்த விரிசலை உலக வரைபடம் மாதிரி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“டேய் வாலு, டீ ஆறுது,” என்றாள் மெதுவாக.

நான் திரும்பவில்லை. தோளைத் தொட்டாள்.

“என்ன அத்தை? ஒண்ணும் கேக்கல!” என்று வீடு அதிரக் கத்தினேன்.

அத்தை என் முகவாயைப் பிடித்துத் திருப்பி, சிவப்பை ஒரு திருகு, நீலத்தை ஒரு திருகு, இரண்டையும் உருவி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

“காதை அடைச்சவன் கத்த மாட்டான்டா. உன் காது உங்க அப்பா காது, உள்ள போனதும் வளையும். மாமாவோடது நேர்க்குழாய். இது உன் காதுல சும்மா தொங்கிட்டு இருந்துச்சு. எல்லாம் கேட்டுச்சு, இல்ல?”

“கேக்கலையே,” என்றேன், அதற்குள் மூக்கு உறிஞ்சிக் காட்டிக்கொடுத்துவிட்டது. எனக்கு அப்படி நேர்ந்ததே இல்லை.

அத்தை முந்தானையை என் பக்கம் நீட்டினாள்.

“கண்ணைத் துடை. அதுக்கு நான் இன்னும் அடைப்பான் கண்டுபிடிக்கல.”